மலையிறக்கமும் ‘எல்’ என்ற எழுத்தும்

லபுக்கலை தாண்டி றம்பொடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மணம் வந்தது. வெளியில் யாரோ ரயர் எரிக்கிறார்கள் என்று நினைத்து பின்சீற்றில் இருந்த மாமி யன்னலை மூடினா. மூடினபிறகு மணம் கூடிவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வலது கால் பிரேக்கை முன்னையதைவிட ஆழமாக மிதிக்கிறது என்பதை பக்கத்துச் சீற்றில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வளைவு தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் எப்படியோ நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் முன்சில்லு இரண்டிலும் இருந்து வெள்ளைப் புகை.

நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். கடையில் இருந்த ஒருவர் கத்தினார்: “தண்ணி ஊத்திடாதீங்க தம்பி, தட்டு வெடிச்சிரும். அப்படியே விடுங்க.” பிறகு காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மாமாவிடம், “ஒட்டோவா? எல்லுல போட்டுத்தான்ணே எறங்கணும்” என்றார்.

மாமா பதினெட்டு வருசம் லொறி ஓடினவர். யாழ்ப்பாணத்தில் இருந்து வெங்காயமும் திரும்பும்போது மரக்கறியும் ஏற்றி இதே மலையால் எத்தனையோ தரம் இறங்கியிருக்கிறார். அவருக்குப் பிரேக் சூடாகிறது பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அரை மணித்தியாலம் அந்தக் கடையில் இருந்தபோது அவரே சொன்னார்: “லொறி எண்டால் ரெண்டாவது கியரில போட்டு உருட்டிக்கொண்டு வந்திருப்பன் தம்பி. இதில கியர் இல்லையே.”

இந்தக் கட்டுரையே அந்தக் கடைசி வசனத்தில் இருந்து தொடங்கினதுதான். இதில கியர் இல்லையே. அவர் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய கொரோலா 121. அதில் நான்கு கியர் இருக்கிறது. கைபிடிப் பக்கத்தில் ‘டி’க்குக் கீழே ‘2’ என்றும் ‘எல்’ என்றும் எழுதியும் இருக்கிறது. பதினெட்டு வருச அனுபவம் உள்ள ஒரு சாரதிக்கு அந்த எழுத்துகள் கண்ணில் படவில்லை என்றால் அது அவருடைய பிழை மட்டும் இல்லை. அந்த எழுத்துகளை மறக்கப்பண்ணுவதுதான் ஒட்டோமற்றிக் கியரின் நூறு வருச வேலையாகவே இருந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஐந்து பேரும் சாமானுமாக கார் 1500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 மீற்றர் உயரம் இறங்கினால் அது இழக்கும் சக்தி ஏறக்குறைய 1 கோடி 18 இலட்சம் ஜூல். இதை வேறு மாதிரிச் சொன்னால், 35 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காணும் வெப்பம். நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டிப் பக்கம் வருபவர் இறங்குவது 800ஐ விட அதிகம். இந்த வெப்பத்தில் ஒரு பங்கை காற்றும் ரயர் உராய்வும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் எங்கேயாவது போகத்தான் வேண்டும். போக இரண்டு இடம்தான் இருக்கிறது: ஒன்று பிரேக், மற்றது எஞ்சின்.

கியரில் இருக்கும் காரில் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால், எஞ்சின் காரை ஓட்டுவது நின்று, கார் எஞ்சினைச் சுற்றத் தொடங்குகிறது. மூடிய வாயால் காற்றை இழுக்கிற பம்ப் மாதிரி எஞ்சின் முரண்டு பிடிக்கும். கியர் குறையக் குறைய முரண்டு கூடும். வெப்பம் சிலின்டருக்குள் போய், ரேடியேற்றராலும் சைலன்சராலும் வெளியே போய்விடும். எஞ்சின் இதற்கென்றே கட்டப்பட்டது, நாள் முழுக்கத் தாங்கும். பிரேக் அப்படி இல்லை. அது நிறுத்துவதற்குச் செய்யப்பட்டது, பிடித்துக்கொண்டே இருப்பதற்கு இல்லை. சூடு ஏற ஏற பிரேக் கட்டையின் பிடிமானம் குறையும். அதைவிட மோசம் பிரேக் ஒயில். அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். ‘டொட் 3’ வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறினதற்கு அந்த எல்லை 140 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். “பிரேக் பிடிக்கவில்லை” என்று பத்திரிகையில் வருகிற வசனத்துக்குப் பின்னால் பல தடவை இருப்பது உடைந்த பிரேக் இல்லை, களைத்துப்போன பிரேக்.

இது கார் வந்த காலத்திலேயே தெரிந்த விசயம். 1908 தொடக்கம் 1927 வரை போர்ட் கொம்பனி விற்ற மொடல் ரீ காரில் மூன்று பெடல் இருந்தது. இடதை முழுக்க மிதித்தால் சின்னக் கியர், பாதியில் பிடித்தால் நியூட்ரல், விட்டால் பெரிய கியர். நடுவில் இருப்பது பின்பக்கம் போக. வலது பிரேக். மலையிறங்கும்போது அந்த ஆட்கள் இடதை அழுத்திச் சின்னக் கியரில் உருட்டினார்கள். அது சூடானால் பிரேக், அதுவும் சூடானால் பின்கியர்ப் பெடல் என்று மாறி மாறி மிதித்தார்கள், ஒரு பட்டி மட்டும் தேயாமல் இருக்க. இப்போது கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அந்தச் சாரதிக்குத் தன்னுடைய கார் எந்த இடத்தில் சூடாகிறது என்று காலில் தெரிந்தது.

அடுத்தது நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே விசித்திரமான பகுதி. 1930இல் அமெரிக்காவின் ஸ்டூடபேக்கர் கொம்பனி ‘ஃப்ரீ வீலிங்’ என்ற ஒன்றைப் பெரிய புதுமையாக விற்றது. சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். மிதிப்பதை நிற்பாட்டினாலும் சைக்கிள் ஓடும்தானே, பின்சில்லில் இருக்கிற அதே ஒருவழிப் பிடியைக் காருக்குள் வைத்தார்கள். அக்சிலேற்றரில் இருந்து கால் எடுத்தவுடன் எஞ்சின் கழன்றுவிடும், கார் சும்மா உருளும். பெற்றோல் மிச்சம், சத்தம் இல்லை, அந்தக் காலத்துக் கரடுமுரடான கியரை கிளச் மிதிக்காமலே மாற்றலாம். மற்றக் கொம்பனிகளும் பின்னால் ஓடி வந்தன. ஆனால் மலையில்? எஞ்சின் பிடி முழுக்க இல்லை. அதுவும் அந்தக் காலத்துப் பிரேக்கோடு. ஆகவே அதைப் பூட்டி வைக்க ஒரு பிடியும் கொடுக்கவேண்டி வந்தது. சில வருசத்திலேயே அந்த மோகம் அடங்கிவிட்டது.

சுவீடனில் சாப் கொம்பனி மட்டும் அதைக் கனகாலம் வைத்திருந்தது. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அவர்களுடைய இரண்டு-அடி எஞ்சினில் ஒயில் பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகும். கால் எடுத்து மலையிறங்கினால் பெற்றோல் போகாது, ஒயிலும் போகாது, ஆனால் எஞ்சின் வேகமாகச் சுற்றும். வறண்டு இறுகிவிடும். எனவே எஞ்சினைக் காப்பாற்ற காரைப் பிரேக்கிடம் ஒப்படைத்தார்கள். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவைத்த கார் அது.

இனி ஒட்டோமற்றிக். அதன் மூலம் கார் இல்லை, கப்பல். ஜெர்மனியின் ஸ்டெட்டின் துறைமுகத்தில், வுல்கான் கப்பல் தளத்தில் வேலைசெய்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற பொறியியலாளர் 1905இல் ஒரு காப்புரிமை எடுத்தார். நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுற்றும், கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்றவேண்டும். நடுவில் பற்சில்லுக்குப் பதிலாக அவர் திரவத்தை வைத்தார். இரண்டு மேசை விசிறிகளை முகத்துக்கு முகம் வைத்து ஒன்றை மட்டும் போட்டால், மற்றதும் மெல்லச் சுற்றும். அதே விசயம், காற்றுக்குப் பதிலாக ஒயில். இரும்பும் இரும்பும் தொடாமல் சக்தி போகும். கடலில் மலை இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கருவி பிறந்த இடத்தில், விசிறி திரும்ப எஞ்சினைப் பிடித்து நிறுத்தவேண்டிய தேவை யாருக்கும் பெரிதாக இருக்கவில்லை.

ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியில் ஏர்ல் தொம்ப்சன் என்பவரின் குழு செய்த ‘ஹைட்ரா-மற்றிக்’ 1940ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் வந்தது. கிளச் பெடலே இல்லாமல் பெருந்தொகையாக விற்ற முதல் கியர்ப்பெட்டி இதுதான். மேலதிக விலை 57 டொலர். யுத்தகாலத்தில் எம்5, எம்24 என்ற அமெரிக்க யுத்த தாங்கிகளுக்குள்ளும் இதைத்தான் வைத்தார்கள். இதே தொம்ப்சன்தான் அதற்கு முன் 1920களின் கடைசியில் கிளச் கியரில் சத்தமில்லாமல் மாற்றுகிற ‘சிங்குரோமெஷ்’ முறையைக் கொண்டுவந்தவர் என்பதையும் சொல்லவேண்டும். கியர் மாற்றும் துன்பத்தில் இருந்து மனிதனை மீட்பதே அவருடைய வாழ்க்கை வேலையாக இருந்திருக்கும்போல.

ஹைட்ரா-மற்றிக்கில் நான்கு கியர். மேல் இரண்டு கியரில் சக்தியின் ஒரு பகுதி மட்டுமே ஒயிலால் போகும், மிச்சம் நேராக இரும்பால் போகும். அதனால் மலையிறங்கும்போது எஞ்சின் பிடி ஓரளவு நன்றாக இருந்தது. ‘பி’ என்ற நிலையே அதில் இல்லை என்பது இன்னொரு விசித்திரம். நிறுத்தவேண்டுமென்றால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு பின்கியரில் போடவேண்டும், அப்போதுதான் பூட்டும்.

1948இல் அதே ஜெனரல் மோட்டர்ஸின் பியூக் பிரிவு ‘டைனாஃப்ளோ’ என்று வேறொன்று கொண்டுவந்தது. இங்கேதான் கதை திரும்புகிறது. பியூக் வாங்குகிறவர்கள் வசதியான ஆட்கள். ஹைட்ரா-மற்றிக் கியர் மாறும்போது கொடுக்கும் சின்ன உதறல்கூட அவர்களுக்கு வேண்டாம். எனவே டைனாஃப்ளோ ‘டி’யில் கியரே மாற்றாது. ஒரே விகிதம். புறப்படத் தேவையான மேலதிக இழுவையை முழுக்க ஒயில் சுழலியே கொடுக்கும். வெண்ணெய் மாதிரிப் போகும் என்று விளம்பரம் செய்தார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தச் சுழலியின் இறகுகள் ஒரு பக்கத்துக்கு வளைந்தவை. எஞ்சின் சில்லைத் தள்ளும்போது நன்றாகத் தள்ளும். சில்லு எஞ்சினைத் தள்ளவேண்டி வந்தால் வழுகும். மலையில் ‘டி’யில் இறங்கினால் எஞ்சின் மெல்ல முனகும், அவ்வளவுதான். ஒரு வழி இருந்தது: கையால் ‘எல்’லில் போடுவது. மலைக்கு என்று வைத்த எழுத்து அது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விபத்தால் வெளிச்சத்துக்கு வந்தது. 1953 ஓகஸ்ட் 12இல் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மற்றிக் தொழிற்சாலை எரிந்துபோனது. கார்கள் வரிசையில் நிற்கின்றன, உள்ளே வைக்கக் கியர்ப்பெட்டி இல்லை. எனவே கொஞ்ச மாதத்துக்கு சில கடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்குள் பியூக்கின் டைனாஃப்ளோவையும், பொன்ரியாக்குக்குள் செவ்ரலே காரின் இரண்டு-கியர் ‘பவர்கிளைட்’டையும் பொருத்தி அனுப்பினார்கள். வெளியில் பார்த்தால் அதே கார். மலையில் வேறு கார். இன்றைக்கு நாங்கள் ஒரு ‘ஒட்டோ’வில் இருந்து இன்னொரு ‘ஒட்டோ’வில் ஏறும்போது நடப்பதும் இதுவே. எல்லாவற்றுக்கும் ‘டி’ என்றுதான் எழுதியிருக்கும்.

ஹைட்ரா-மற்றிக்கும் மலையிடம் இருந்து முழுக்கத் தப்பவில்லை. நாலாவது கியர் சமதரைக்கு நல்லது. மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் தடுமாறியது. 1952இல் மூன்றாவதோடு நிற்பாட்டி வைக்கிற இன்னொரு நிலையைச் சேர்த்தார்கள். அதாவது சாரதிக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லை என்று சொல்லித்தான் கியரை ஒளித்தார்கள். பன்னிரண்டு வருசத்துக்குள் ஒரு துண்டைத் திருப்பிக் கையில் கொடுக்கவேண்டி வந்துவிட்டது.

இதற்குள் இன்னொரு மறைந்த விசயம் இருக்கிறது, மெக்கானிக்மார் மட்டும் கதைப்பது. பெரும்பாலான மூன்று-கியர் ஒட்டோக்களில் ‘டி’யில் முதலாம் கியர் ஒரு ஒருவழிப் பிடியால்தான் நிற்கிறது. அதே பழைய சைக்கிள் பின்சில்லு, அதே 1930! மாற்றம் மென்மையாக இருக்கட்டும் என்று வைத்தது. விளைவு, ‘டி’யில் முதலாம் கியரில் போனாலும் எஞ்சின் பிடி கிடைக்காது. ‘எல்’லில் போட்டால் மட்டும் உள்ளே ஒரு பட்டி இறுகி அந்தப் பிடியைப் பூட்டும். ஆகவே, “டியில் மெதுவாகப் போனால் கார் தானாகவே முதலாம் கியருக்கு வந்துவிடும்தானே, பிறகு எதற்கு எல்?” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கியர் அதேதான், பூட்டு வேறு.

1965இல் ரால்ஃப் நேடர் அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பைப் பற்றிப் புத்தகம் எழுதினபோது, கியர் எழுத்துகள் காருக்குக் கார் வேறு ஒழுங்கில் இருப்பதையும் ஒரு குற்றச்சாட்டாக வைத்தார். அதற்குப் பிறகு வந்த கூட்டாட்சித் தரங்களில் 102ஆம் இலக்கத் தரம் 1968இல் நடைமுறைக்கு வந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கவேண்டும் என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. பலர் கவனிக்காத பகுதி இன்னொன்று: ஒன்றுக்கு மேற்பட்ட முன்கியர் உள்ள வாகனத்தில், மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில், மேல் கியரைவிடக் கூடுதலாக எஞ்சின் பிடி தருகிற ஒரு நிலை கட்டாயம் இருக்கவேண்டும். ‘எல்’லோ ‘2’ஓ ‘பி’யோ, பெயர் என்னவானாலும் சரி, அந்த எழுத்து அலங்காரம் இல்லை, சட்டம் கேட்டு வாங்கி வைத்தது.

நியூட்ரலுக்கு வருவோம். மாமாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாலும், இந்த இடத்தில் நானும் குற்றவாளி. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற காலத்தில், கியூஆர் கோட்டாவில் கிடைத்த நாலு லீற்றரை இழுத்து இழுத்து ஓடப் பழகினோம். இறக்கம் எங்கே வந்தாலும் நியூட்ரல். சிலர் எஞ்சினையும் நிற்பாட்டினார்கள். அந்தப் பழக்கம் வரிசையோடு போகவில்லை. அன்றைக்கும் மாமா கொஞ்சம் சாய்வு குறைந்த இடங்களில் ‘என்’னில்தான் விட்டார். கார்புரேற்றர் காலத்தில் இதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அது கொஞ்சமாவது பெற்றோல் இழுக்கும். ஆனால் இலத்திரனியல் முறையில் பெற்றோல் பீச்சும் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி கால் எடுத்தால் பெற்றோல் முழுக்க நிற்கும். சில்லுதானே எஞ்சினைச் சுற்றுகிறது, எதற்குப் பெற்றோல்? நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கத் தானே குடிக்கவேண்டும். ஆக, நாங்கள் மிச்சம் பிடிக்க நினைத்து கூடச் செலவழித்தோம்.

எஞ்சினை நிற்பாட்டினால் வேறு கதை. ஒட்டோ கியர்ப்பெட்டியை நனைப்பதும் அழுத்தம் கொடுப்பதும் எஞ்சினால் சுற்றும் ஒயில் பம்ப். பழைய ஹைட்ரா-மற்றிக், பவர்கிளைட் போன்றவற்றில் பின்பக்கம் இரண்டாவது பம்ப் ஒன்றும் இருந்தது, அது சில்லால் சுற்றும். அதனால் அந்த ஒட்டோ கார்களைத் தள்ளியே ஸ்டார்ட் பண்ணலாம்! 1960களின் நடுப்பகுதியில் இருந்து செலவு மிச்சம் என்று அமெரிக்கக் கொம்பனிகள் அந்தப் பின்பம்பைக் கழற்றின. ஆகவே இன்றைய ஒட்டோவை எஞ்சின் அணைத்து மலையால் உருட்டினால், உள்ளே பற்சில்லுகள் வறண்டு சுற்றும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியோடு முடிந்துவிடும். பிரித்தானிய நெடுஞ்சாலைக் கோவையில் 122ஆம் விதியே இப்படிக் கழற்றி உருட்டுவதற்கு எதிராகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது சட்டவிரோதம். அங்கேயும் லொறிக்காரர்கள் அதைச் செய்தார்கள். ‘ஜோர்ஜியா ஓவர்ட்ரைவ்’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

இந்தத் தொழில்நுட்பம் எங்களுடைய வீதிக்கு வந்தது ஜப்பான் வழியாக. 1969இல் அமெரிக்காவின் போர்க்-வோர்னர் கொம்பனியும் ஜப்பானின் ஐசின் கொம்பனியும் கூட்டாக ஒரு கியர்ப்பெட்டித் தொழிற்சாலை தொடங்கின. ரொயோட்டாவுக்குள் வந்த ஒட்டோக்களில் பெரும்பகுதி அந்தப் பரம்பரை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெற்றோல் மிச்சத்துக்காக நாலாவது கியர் ஒன்று சேர்த்தார்கள், ஓவர்ட்ரைவ். மலையில் அது வேண்டாத கியர் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே கியர்ப்பிடியின் பக்கத்தில் விரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அமத்தினால் நாலாவது கியர் வராது, மீற்றர் பலகையில் ‘ஓ/டி ஒஃப்’ என்று லைற் பத்தும். எங்கள் ஆட்களுக்கு லைற் பத்தினால் பயம். கராஜுக்குக் கொண்டுபோய் “இந்த லைற்றை நூத்துவிடுங்கோ” என்று சொன்னவரை எனக்குத் தெரியும்.

ஜப்பானிலும் மலைதான். அங்கே மலைப்பாதைகளில் எஞ்சின் பிரேக் பாவியுங்கள் என்று பலகை போட்டிருப்பார்கள். அப்படியிருந்தும் 2022 ஒக்டோபரில் ஃபுஜி மலையில் இருந்து இறங்கின சுற்றுலா பஸ் ஒன்று கவிழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். கால் பிரேக்கை அளவுக்கு மீறிப் பாவித்து அது பிடிமானம் இழந்தது என்றுதான் வழக்கு நடந்தது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையிலோ இன்னும் ஒரு படி மேல்: இறங்கும் கார்களைப் பாதிவழியில் மறித்து பிரேக் சூட்டை அளக்கிறார்கள். கூடினால் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுத்தான் போகலாம். றம்பொடையில் அந்த வேலையை ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

எங்கள் நிலைமையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரீகண்டிஷன் காரின் டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்தால் தடித்த கையேடு ஒன்று இருக்கும். மலையிறங்கும்போது எந்த எழுத்தில் போடவேண்டும் என்று அதற்குள் இருக்கும். ஜப்பானிய மொழியில். காருக்குள் இருக்கும் ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல், கார் விற்கும்போது அடுத்தவருக்குக் கைமாறும். வாகனம் பழக்குகிற இடத்தில் நான் படித்தபோதும் ‘எல்’ பற்றி ஒரு வார்த்தை இல்லை. சமதரையில் மனுவல் கியரில் பழக்கினார்கள். பரீட்சை முடிந்த அடுத்த நாள் ஒட்டோவில் ஏறினேன்.

இப்போது வீதியில் கூட நிற்பது ஹைபிரிட். அக்குவா, பிரியஸ், அக்சியோ. அதில் ‘எல்’ இல்லை, ‘பி’ என்று ஒன்று இருக்கும், நிறுத்துகிற ‘பி’ இல்லை, பிரேக்குக்கான மற்ற ‘பி’. (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், மன்னிக்கவும்.) ஹைபிரிட் இறக்கத்தில் மோட்டரை டைனமோ ஆக்கி மின்கலத்தை நிரப்பும், அதுவே காரைப் பிடிக்கும். மிக அழகான யோசனை. ஆனால் கணக்குப் பாருங்கள். அக்குவாவின் மின்கலம் ஒரு கிலோவாற்மணிக்கும் கொஞ்சம் குறைவு. 1300 கிலோ எடையோடு 100 மீற்றர் இறங்கினால் வரும் சக்தி 0.35 கிலோவாற்மணி. கடதாசிக் கணக்கில் முழுக்க வெறுமையாக இருந்தாலும் 270 மீற்றர் இறங்குவதற்குள் நிரம்பிவிடும். நடைமுறையில் மின்கலம் ஒருபோதும் அவ்வளவு வெறுமையாக விடப்படுவதில்லை, ஆகவே இன்னும் சீக்கிரம். நிரம்பினபிறகு மிச்ச மலைக்கு? எஞ்சினைச் சும்மா சுற்றவைத்துத்தான் பிடிக்கவேண்டும். ‘பி’ செய்வது அதைத்தான். பெற்றோல் எரிக்காமல் எஞ்சினை இழுத்து ஊளையிடவைக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து திரும்ப ‘டி’யில் போடுகிறவர்கள் கன பேர். மொடல் ரீ சாரதியின் இடது கால் செய்த அதே வேலை, நூறு வருசத்துக்குப் பிறகு, அதே சத்தத்தோடு.

பட்டியில் ஓடும் ‘சிவிடி’ கியரின் கதை இன்னும் வேடிக்கையானது. அதைக் காருக்குள் பெருமளவில் கொண்டுவந்தது ஒல்லாந்தின் டாஃப் கொம்பனி, 1958இல் காட்சிக்கு வைத்தார்கள். ஐரோப்பாவில் உள்ள ஒல்லாந்தின் மிக உயர்ந்த இடமே 322 மீற்றர்தான். கால் எடுத்தவுடன் அந்தப் பட்டி பெரிய விகிதத்துக்கு ஓடிப்போகும், சமதரையில் நல்லது, மலையில் எஞ்சின் பிடி போய்விடும். ஆகவே டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள், சின்ன விகிதத்தில் பிடித்து வைக்க. ஒல்லாந்துக்காரரே அல்ப்ஸ் மலைக்கு விடுமுறை போவார்கள்தானே. 1997இல் லாண்ட் ரோவர், ஃப்ரீலாண்டர் காருக்கு சின்னக் கியர்த் தொகுதி வைக்காமல் விட்டபோதும் இதே கதை: அதற்கு ஈடாக பிரேக்கைக் கொம்பியூட்டரால் தட்டித் தட்டிப் பிடித்து மலையிறக்கும் முறையை முதன்முதலில் அதற்குள் வைத்தார்கள்.

1990களில் இருந்து கொம்பியூட்டரே சரிவை ஊகித்துக் கியர் குறைக்கத் தொடங்கிவிட்டது. 1992 மிற்சுபிஷி கலன்ட் அந்த வழியில் முன்னால் போன கார்களில் ஒன்று. இப்போதைய புதுக் கார்களில் இரண்டு தரம் பிரேக் தட்டினாலே கார் விளங்கிக்கொண்டு ஒரு கியர் இறங்கும். நல்லதுதான். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபிறகு அப்படியானவையும் வருகின்றன. ஆனால் நாட்டில் ஓடுவது பெரும்பாலும் அதற்கு முந்தியவை. ஐந்து வருசம் இறக்குமதி நின்றதால் இன்னும் கிழடாகிப்போனவை. பிரேக் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பலருக்கு அதை மாற்றவேண்டும் என்பதே புதுச் செய்தி. மாமாவுக்கும் அப்படித்தான்.

2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். அது ஒட்டோ கியர் வாகனத்தின் கதை இல்லை. ஆனால் அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எந்த வாகனத்திலும் கால் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி இறங்கமுடியாது.

அன்றைக்கு அந்தக் கடையில் மூன்று பிளேன்ரீயும் ஒரு தட்டு வடையும் முடியுமட்டும் இருந்தோம். சில்லு கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வந்தபிறகு மாமா ஏறினார். கியர்ப்பிடியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். முதலில் பக்கத்துப் பொத்தானை அமத்தினார், லைற் பத்தியது. பிறகு ‘2’இல் போட்டார். முதல் வளைவில் எஞ்சின் உறுமினபோது மாமி, “என்னப்பா, கார் ஏதோ சத்தம் போடுது” என்றா.

“அது பிடிக்குது” என்றார் மாமா. சுரங்கம் தாண்டும்வரை பிறகு அவர் ஒன்றும் கதைக்கவில்லை. பிரேக் பெடலுக்கு மேலே கால் சும்மா நின்றது.